அரை முழம் தள்ளி நின்ற நாற்காலி

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் மேலாளரைப் பிடித்துப் பயனில்லை, டேப்பக்காவைத் தாண்டியாக வேண்டும். அவர் நேரில் போய்ப் பார்த்து, "இவருக்கு நம்ம இடம் சரிப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கட்டிலில் புது விரிப்பு விழும். நான் அந்த இல்லத்தின் வேன் ஓட்டுநர். ஒன்பது வருடமாக அவரை வீடு வீடாக அழைத்துப் போகிறேன். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அவருக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

டேப்பக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் கைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் இஞ்ச் டேப் இருக்கும், தையல்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்களே, அதேதான். இருபது வயதில் ஆஸ்பத்திரிச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். தைத்ததைக் கொடுக்கப் போன ஆஸ்பத்திரியிலேயே உதவியாளராக நுழைந்து, மாலை வகுப்பில் படித்து, வார்டு வார்டாகச் சுற்றி, கடைசியில் எங்கள் இல்லத்துக்கு வந்தார். தையலை விட்டாரே தவிர டேப்பை விடவில்லை. "ஆளை அளந்துட்டுத்தான் துணியை வெட்டணும் தம்பி. வெட்டிட்டு ஆளைத் தேடினா யாருக்குப் பொருந்தும்?" என்பார். வேனில் ஏறும்போதெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சேர்ப்பதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவம் பதினோரு பக்கம். மற்ற இல்லங்களில் அதைத் தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறார்கள். அப்பா நடப்பாரா, நடப்பார், சாப்பிடுவாரா, சாப்பிடுவார், அவ்வளவுதான். டேப்பக்காவுக்கு அது ஆகாது. வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டில் உயரம், நாற்காலி உயரம், குளியலறைக் கதவின் அகலம் எல்லாவற்றையும் அளப்பார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை எட்டு என்று தானே நடந்து பார்ப்பார். எந்தப் பக்கமாகக் காலை இறக்குகிறார் என்று கேட்காமல் விடமாட்டார். நாற்பது வருடம் இடது பக்கமாக இறங்கியவருக்கு இடது பக்கம் சுவர் இருக்கும் கட்டிலைக் கொடுத்தால், முதல் நாள் காலையிலேயே நெற்றி வீங்கிவிடும். அது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது.

பிள்ளைகள் சொல்வதை அவர் நம்பவே மாட்டார். இடம் கிடைக்க வேண்டுமென்று, "அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லைங்க, தங்கம்" என்று பூசி மெழுகுகிறவர்கள் பாதிப் பேர். சீக்கிரம் ஏற்றி அனுப்ப வேண்டுமென்று இல்லாத நோயையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் மீதிப் பேர். அதனால் அக்கா ஒரு தந்திரம் வைத்திருந்தார். சேரப்போகும் பெரியவரைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பார். அவர் எப்படி எழுகிறார், எதைப் பிடிக்கிறார், வழியில் மறந்துவிடுகிறாரா, தம்ளர் ஆடுகிறதா என்று எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். தாகமே இல்லாமல் நாளைக்கு நாலு தம்ளர் தண்ணீர் குடிக்கும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தன்னைப் பெண் பார்க்க வந்த கணவரிடமும் இப்படித் தண்ணீர் கேட்டாராம். "எல்லாம் சரியாத்தான் இருந்தது. குறட்டையை மட்டும் அளக்க முடியல" என்பார்.

சிரிப்பும் பேச்சுமாக இருப்பாரே தவிர, கையெழுத்து விஷயத்தில் கறார். அதற்கும் காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர், படி ஏற முடியுமென்று எழுதுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அக்காவும் மனம் இளகி எழுதிவிட்டார். நாலாவது நாள் அவர் படியில் விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. "எழுத்துல இரக்கம் காட்டினேன். அவரு அப்புறம் நடக்கவே இல்லை" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் படிவத்தில் பொய்யாக ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.

இனி கண்டக்டர் கதைக்கு வருகிறேன்.

அவர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளிக்கூட டீச்சர். தினமும் அவர் பஸ்ஸில் ஏறி இறங்கித்தான் காதலே வந்ததாம். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்கு அப்புறமும் அந்தம்மா அவரை "கண்டக்டர்" என்றும், அவர் அந்தம்மாவை "டீச்சர்" என்றும்தான் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் டீச்சருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. இரண்டு வருடம் வீட்டிலேயே சமாளித்தார்கள். ஒருநாள் குளியலறைக்குத் தூக்கிப் போகும்போது இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து நேராக எங்கள் இல்லத்துக்கு வந்துவிட்டார். வந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது கண்டக்டரும் வரவேண்டுமென்கிறார், டீச்சர் இருக்கும் அதே இல்லத்துக்கு. படிவத்தை மகள் நிரப்பி அனுப்பியிருந்தாள். நடை நன்று, காது நன்று, ஞாபகம் நன்று. கண்ணாடி போட்டால் கண்ணும் நன்று, தினமும் காலையில் பத்திரிகை படிப்பார் என்று எழுதியிருந்தது.

நாங்கள் போனபோது மகள்தான் கதவைத் திறந்தாள். நாங்கள் வருகிறோமென்று தன் வீட்டிலிருந்து வந்திருந்தாள், வேலைக்குப் போகும் அவசரம். "அப்பாவுக்கு அம்மா இல்லாம இருக்க முடியல. அதைத் தவிர எந்தக் குறையும் இல்லை. நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விட்டாள்.

கண்டக்டர் மேசையருகே சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அன்றைய பத்திரிகை. மூலையில் பழைய பத்திரிகைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. அக்கா வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். மனிதர் விறுவிறுவென்று எழுந்து சமையலறைக்குப் போனார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நடந்த கால் அல்லவா, அந்த நடையைப் பார்த்து நானே அசந்துபோனேன். அவர் போனதும் அக்கா, "தம்பி, நாற்காலியைக் கவிழ்த்துப் பிடி" என்றார். நான் கவிழ்த்தேன். கால் உயரம், இருக்கை உயரம் இரண்டையும் அளந்தார். அதற்குள் தம்ளர் சத்தம் கேட்டது. நான் நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்றுகொண்டேன்.

இரண்டு தம்ளரில் நிறையத் தண்ணீர். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் இரண்டு தம்ளருக்குள்ளும் விரல் முக்கியிருந்தது. இதென்ன பழக்கம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு என் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா மடமடவென்று குடித்தார். கண்டக்டர் திரும்பி, இரண்டு எட்டு வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாற்காலி அங்கே இல்லை. நான் அதை அரை முழம் தள்ளி வைத்திருந்தேன்.

எட்டிச் சட்டையைப் பிடித்தேன். பிடித்ததால் மண்டை தப்பியது, மனிதர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவர் கோபப்படவில்லை. கையை நீட்டி நாற்காலியின் காலைத் தொட்டு, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். அந்தக் கையைப் பார்த்ததுமே அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயா, எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

"மக போயிட்டாளா?"

"போயிட்டாங்க."

"நாலு வருஷம். வெளிச்சம் இருக்கா இல்லையான்னு தெரியும். அவ்வளவுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். தம்ளருக்குள் விரல் விட்டது தண்ணீர் எவ்வளவு நிறைந்தது என்று பார்க்கத்தான். ஞாயிறுதோறும் வரும் மகளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று இருவரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். எங்கள் இல்லத்துக்கு டீச்சரைப் பார்க்க வரும்போதெல்லாம் மகள் பாசமாகக் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். அந்தக் கை எதற்கென்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"அப்ப இந்தப் பத்திரிகை?" என்றேன் நான்.

"நான் விரிச்சுப் பிடிப்பேன், டீச்சர் படிப்பா. அவளுக்கு ஒரு கை வராதே. அவ 'திருப்பு'ன்னா நான் திருப்புவேன். நிறுத்தினா மகளுக்குச் சந்தேகம் வரும்னு இப்பவும் வாங்கறேன்." மேசைமேலிருந்த பத்திரிகையைத் தடவிக்கொண்டே, "என்னைக்காவது அவ வந்து படிப்பான்னும் வச்சுக்குங்க" என்றார்.

நான் மூலையிலிருந்த அடுக்கைப் போய்ப் பார்த்தேன். ஒரு வருடத்துப் பத்திரிகை. எல்லாம் பேப்பர் போடும் பையன் வீசிவிட்டுப்போன மடிப்போடு அப்படியே இருந்தன, ஒன்றுகூட விரிக்கப்படவில்லை.

எங்கள் இல்லம் நடக்க முடியாதவர்களுக்கும் தள்ளாதவர்களுக்கும்தான். கண் தெரியாதவர்களுக்கென்று வேறு இல்லம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரப் பயணம். உள்ளதை உள்ளபடி எழுதினால் கண்டக்டர் அங்கே, டீச்சர் இங்கே. அது கண்டக்டருக்கும் தெரிந்திருந்தது. "எழுதாம விட்டுடுங்கம்மா. ஒரு வாரம் கொடுத்தா உங்க இடத்தையும் காலால பழகிக்குவேன்" என்றார்.

"எழுதாம விட முடியாதுங்க ஐயா" என்றார் அக்கா. இடுப்பெலும்பு போனவரின் கதையையும் சொன்னார்.

"அப்ப எனக்கு இடம் இல்லை."

"அதை நான் சொன்னேனா? இன்னும் அளந்தே முடிக்கலையே. தம்பி, அந்த முனையைப் பிடி."

மதியம் வரை வீட்டை அளந்தோம். கட்டில் எந்தச் சுவரோரம், குளியலறைக்கு எத்தனை எட்டு, எந்த இடத்தில் கை எதைத் தொடுகிறது, எந்த மூலையில் திரும்புகிறார் என்று எல்லாவற்றையும் படிவத்தின் பின்பக்கத்தில் அக்கா படமாகப் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது, "இன்னைக்கே மககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நாளைக்குத்தான் படிவத்தைக் கொடுப்பேன்" என்றார். அவர் அன்றே சொல்லிவிட்டார். மகள் தொலைபேசியில் முதலில் அழுது, பிறகு அரை மணி நேரம் திட்டினாளாம்.

வேனில் அக்கா தான் போட்ட படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், "நான்தான் பிரிச்சிருக்கேன்" என்றார். டீச்சரைச் சேர்த்தபோது அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே பார்த்து எழுதிவிட்டார். ஒன்பது வருடத்தில் வீடு போகாமல் எழுதிய படிவம் அது ஒன்றுதான். வீட்டுக்குப் போய் அந்த மேசையையும் பத்திரிகையையும் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இல்லத்துக்கு வந்ததும் நேராக டீச்சர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், ஒட்டுக்கேட்கத்தான்.

"அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு ஏன் சொல்லலை டீச்சரம்மா?"

"நீங்க எனக்கு என்னென்ன முடியாதுன்னு கேட்டீங்க. சொன்னேன். என்னால அவருக்கு என்னென்ன முடியுதுன்னு யாராவது கேட்டீங்களா?" வகுப்பில் கடைசி பெஞ்ச் வரை கேட்கிற குரல் அது. பிறகு, "அவரு சொல்லக் கூடாதுன்னாரு. ஒரு வருஷமா நான் சரியாத் தூங்கல" என்று சொல்லிவிட்டு, நல்லாயிருக்கும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாகிவிட்டது.

மறுநாள் படிவம் மேலாளர் மேசைக்குப் போனது. பார்வை என்ற இடத்தில், "இல்லை. நான்கு வருடமாக மறைத்திருக்கிறார். டீச்சரைச் சேர்த்தபோது நான் கண்டுபிடிக்கத் தவறிவிட்டேன்" என்று அக்கா எழுதியிருந்தார். மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். படித்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, முடியாதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் என்கிட்ட எதுக்குக் கொண்டு வர்றீங்க?"

"அடுத்த பக்கத்தைத் திருப்புங்க சார்."

அது படிவத்தில் இல்லாத பன்னிரண்டாவது பக்கம். தாழ்வாரக் கோடியில் பழைய மெத்தையும் உடைந்த சக்கர நாற்காலியும் போட்டு வைத்திருந்த பெரிய அறை இருக்கிறதே, அதைக் காலி செய்து இரண்டு கட்டில் போட வேண்டும். கண்டக்டர் கட்டில் அவர் வீட்டில் இருப்பது மாதிரியே வலது சுவரோரம். குளியலறைக்கு அதே பதினோரு எட்டு. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை தாழ்வாரச் சுவரில் ஒரு கைப்பிடிக் கட்டை, தச்சருக்கு அரை நாள் வேலை. நாற்காலியைத் தரையோடு திருகி வைப்பது. கடைசியில், "இவர்களை ஒருவர் ஒருவராக மதிப்பிட்டது தவறு. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு தடவை பார்க்க வேண்டும்" என்று இருந்தது.

மேலாளர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, நாலு நாள் பகலில் மட்டும் வந்து இருந்து பார்க்கட்டும், ஒரு கீறல் விழுந்தாலும் பேச்சு முடிந்தது என்றார். அறையைக் காலி செய்யும் வேலை யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் சரியாகப் போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்த கண்டக்டர், தரை துடைக்கிற வாளியில் முட்டி நின்றார். தண்ணீர் தாழ்வாரமெல்லாம் ஓடியது. கீறல் இல்லை, ஆனால் மேலாளர் பார்த்துவிட்டார். சாயங்காலம் வேனில் கொண்டுபோய் விடும்போது கண்டக்டர், "நாளைக்கும் வருவீங்களா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இரண்டாம் நாள் டீச்சர் தன் சக்கர நாற்காலியை அவர் தள்ளட்டும் என்றார். நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்ட, "குருடன் தோள்ல முடவன் ஏறின கதையாட்டம்" என்றேன். அக்கா முறைத்தார். "கதையில சக்கரம் கிடையாது தம்பி. பிரேக்கை யாரு போடுவா?" டீச்சர் நல்ல கையால் பிரேக்கைப் போட்டு எடுத்துக் காட்டினார். அக்கா டேப்பை எடுத்துக் கூடத்துக் கதவை அளந்தார். இரண்டு பக்கமும் நாலு விரற்கடை இடம் இருந்தது. சரி என்றார், ஆனால் கைப்பிடி உள்ள தாழ்வாரத்தில் மட்டும்.

அன்றிலிருந்து தாழ்வாரத்தில் ஒரே சத்தம். "கண்டக்டர், மெதுவா. இடது பக்கம் ஒருத்தர் வர்றாரு. நில்லு. இப்ப போ." அவரும் "ரைட், ரைட்" என்பார். மற்ற பெரியவர்கள் கதவோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு தாத்தா கைகாட்டி, பஸ் இங்கே நிற்குமா என்று கேட்டார்.

நாலாம் நாள் மேலாளர் ஒரு காரியம் செய்தார். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், யாருக்கும் சொல்லாமல், தாழ்வார நடுவில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் பார்த்துவிட்டேன். போய் எடுக்கப் போனவனை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

சக்கர நாற்காலி வந்தது. ஸ்டூலுக்கு ஐந்தாறு எட்டு முன்னாலேயே, "ஸ்டாப்" என்றார் டீச்சர். கண்டக்டர் நின்றார். பிரேக் விழுந்தது. டீச்சர் தூணைப் பார்த்துச் சொன்னார்:

"மேலாளர் சார், ஸ்டூலை எடுத்துக்கிட்டுப் போங்க. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களை மேய்ச்சவ நான். தூணுக்கு வெளியே உங்க தொப்பை தெரியுது."

மேலாளர் வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். ஸ்டூலை அக்கா கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அக்கா படிவத்தைத் தயாராகவே வைத்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை கண்டக்டர் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். ஒரு வருடத்துப் பத்திரிகையை, ஏழு கட்டு, நான் சுமந்தேன். இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தேன், யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை கூடத்து ஜன்னலோரம் இருவரும் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் முதல் கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கு மறுநாள் வந்த பத்திரிகை அது. டீச்சர் தேதியிலிருந்து ஆரம்பித்துச் சத்தமாகப் படித்தார். எப்போதோ பெய்து முடிந்த மழை இன்று பெய்யக்கூடும் என்றார். "திருப்பு" என்றார், கண்டக்டர் திருப்பினார். கூடத்திலிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள்.

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அலுவலகத்துக்குப் போய், போன வருடத்து டீச்சர் படிவத்தைத் தேடி எடுத்தார். ஏழாம் பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: "பத்திரிகை கொடுத்தால் தள்ளிவிடுகிறார். படிப்பதில் ஆர்வம் இல்லை." அதைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். மேலே சின்ன எழுத்தில், "கணவர் பிடித்துக்கொண்டால் படிப்பார்" என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.